‘நின்றது’ என்று எழுதினேன்

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் புல் வெட்டும் எந்திரத்துக்கென்று தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. நீல அட்டை, கோடு போட்ட தாள். முதலில் அதில் நான்கு கட்டங்கள்தான் இருந்தன: தேதி, நேரம், எந்த பிளாக், நடந்தது என்ன. இப்போது ஐந்தாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. ‘நிறுத்தியது யார்?’ என்று அதற்குத் தலைப்பு. அந்தக் கட்டம் வந்ததற்குக் காரணம் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற காரணம் இல்லை.

நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் நான் ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவது, மழை அளவு எழுதுவது, லாரிக்குச் சீட்டு எழுதுவது, மேனேஜர் கோபத்தில் சொல்வதைக் கோபமில்லாமல் கடிதமாக்குவது, இதெல்லாம் என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. யாராவது தாளில் அடித்துத் திருத்தினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆட்கள் வந்து சொல்வதை அப்படியே எழுதவும் மாட்டேன். ‘நின்னுபோச்சுங்க’ என்று அவர்கள் சொன்னால், ‘நின்றது’ என்று எழுதுவேன். நல்ல தமிழில் எழுதுகிறோம் என்ற திருப்தியோடு பேனாவை மூடிவைப்பேன்.

எந்திரம் வந்தது ஓர் ஆடி மாதத்தில். ஆளில்லாமல் தானே நடக்கும், சங்கிலிச் சக்கரம், அடிவயிற்றில் கத்தி. காப்பிச் செடி வரிசைகளுக்கு நடுவில் ஊர்ந்துபோய்ப் புல்லை வெட்டும். முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கண்கள். ஆளைப் பார்த்தால் அதுவே நின்றுவிடும் என்றார் அதைக் கொண்டுவந்த கம்பெனி ஆள். சொன்னதோடு விடாமல், கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் போய் நின்றார். அது பத்தடி முன்னாலேயே நின்றது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். இரண்டே நாளில் ஆட்கள் அதற்கு ‘எருமை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். மெதுவாக வரும், கத்தினால் காதில் வாங்காது, வழி விடாது, அதனால்.

அது எங்கே போனது, எப்போது நின்றது என்பதை அதன் முதுகில் இருக்கும் பெட்டி தானே பதிந்துகொள்ளும். ஏன் நின்றது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. “அதை மனுசங்கதான் எழுதணும் மேடம். பெட்டியில இருக்கிறதும் உங்க பதிவேடும் சேர்ந்தாத்தான் முழுசு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்புன்னு அதை வெச்சுத்தான் பார்ப்பாங்க” என்றார் கம்பெனி ஆள். நான் தலையை ஆட்டினேன். எத்தனையோ பதிவேடு எழுதுகிறேன், இன்னும் ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றியது.

எருமைக்குப் பின்னால் நடக்க ஓர் அம்மாவைப் போட்டார்கள். கரடியூர்க்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் காடு உண்டு, சாமை விதைப்பார். மீதி நாளெல்லாம் எங்கள் எஸ்டேட்டில் வேலை. எந்திரத்தின் பின்பக்கத்தில் சிவப்பாக ஒரு குமிழ் இருந்தது. ஆபத்து என்றால் அதை அமுக்க வேண்டும், எந்திரம் உடனே நின்றுவிடும். அந்தம்மாவின் வேலை அவ்வளவுதான். நாள் முழுக்க நடப்பது, வேண்டுமானால் அமுக்குவது, சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து என்ன நடந்தது என்று என்னிடம் சொல்வது. எல்லோரும் எருமைக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

புல் வெட்டினால்தான் செடிக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பழம் கண்ணுக்குத் தெரியும். அதனால் எருமை போன வரிசையிலேயே பெண்கள் குந்திக்கொண்டு பழம் பொறுக்குவார்கள். சில சமயம் எருமை சுற்றிக்கொண்டு அதே வரிசைக்குத் திரும்பி வரும்.

ஒருநாள் சாயங்காலம் அந்தம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

“ஏனுங்க ரைட்டரம்மா, இன்னைக்கு ஒருக்கா செவப்ப அமுத்திப்போட்டனுங்க.”

“ஏன், என்னாச்சு?”

“ரண்டு பொம்பளைங்க குந்திக்கிட்டுப் பழம் பொறுக்கிட்டிருந்தாங்க. இது பாட்டுக்குப் போச்சுங்க. நிக்கவே இல்ல. அதான் அமுத்துனேன். மேனேஜரய்யா என்னை எடுத்துப்போடுவாருங்களா?”

பயத்துக்குக் காரணம் இருந்தது. குமிழை அமுக்கிவிட்டால் எந்திரத்தை மறுபடி கிளப்ப நேரம் பிடிக்கும். சும்மா சும்மா அமுக்கினால் ஆளை மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அமுக்கினால் அதற்கு ஒரு படிவம் வேறு. பதினோரு கேள்வி. மூன்று பிரதி. அதை நிரப்ப வேண்டியது நான். நாகலூர் பஸ்ஸுக்கு அப்போது கால்மணி நேரம்தான் இருந்தது.

நான் கேட்டேன். “அமுத்தினதும் நின்னுச்சா இல்லையா?”

“நின்னுச்சுங்க.”

“அப்ப ‘ஆட்கள் இருந்ததால் நின்றது’ன்னு எழுதிக்கறேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையே. நீங்க ஊட்டுக்குப் போங்க.”

அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. “நொம்ப நல்லதாப் போச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பு. இன்று உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அதில் இரக்கம் பாதி, சோம்பல் பாதி. சோம்பல்தான் கொஞ்சம் கூட இருக்கும்.

மறுநாளிலிருந்து அந்தம்மாவே கற்றுக்கொண்டார். “அமுத்தினேன்” என்ற பேச்சே இல்லை. “ஒம்போதாம் பிளாக்குல ஒருக்கா நின்னுபோச்சுங்க” என்பார். நான் எழுதுவேன். எருமை நிஜமாகவே ஆளைப் பார்த்துத் தானாக நின்ற நாட்களும் உண்டு. அன்றும் “நின்னுபோச்சுங்க” என்பார். அன்றும் அதேபோல்தான் எழுதுவேன். எது எது என்று நான் கேட்கவில்லை. என் பதிவேட்டில் பக்கம் பக்கமாக ஒரே வரி, ஒரே கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

தணிக்கைக்கு ஒருவர் சேலத்திலிருந்து வந்தார். எஸ்டேட்டுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாத வெளியாள்தான் தணிக்கை செய்ய வேண்டுமென்று ஏற்பாடு. நல்ல மனிதர். மலை ஏறினால் தலைசுற்றும். அடிவாரத்தில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைக் கொண்டை ஊசி வளைவு முழுக்க முகர்ந்துகொண்டே வந்து, ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அது ஊறுகாய்க்கு ஆகும் என்று நான் எடுத்து வைத்துக்கொள்வேன். பெட்டியில் பதிந்திருந்த ஒவ்வொரு நிறுத்தத்தையும் என் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். நிமிடம்கூட மாறவில்லை. “இவ்வளவு சுத்தமா எழுதின பதிவேட்டை நான் பார்த்ததில்லைங்க” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று அவருக்கு இரண்டாவது தடவையும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவருடைய அறிக்கை வந்தது. மேனேஜர் அதை எனக்குக் கேட்கும்படி வாசித்தார். ஆட்களைக் கண்ட ஒவ்வொரு முறையும் எந்திரம் தானாகவே நின்றிருக்கிறது. குமிழை அமுக்க வேண்டிய தேவை ஒருமுறைகூட வரவில்லை. ஆகவே பின்னால் ஆள் நடக்க வேண்டியதில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய். ‘நின்றது’ என்று நான் எழுதியதை அவர் ‘தானாக நின்றது’ என்று படித்திருக்கிறார். அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். சார், அதில் பாதி அந்தம்மா நிறுத்தியது என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் சுத்தமான பதிவேடு என்று பேர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

அந்தம்மா மறுநாள் வந்தார். அவரைப் பழம் பொறுக்கும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

“ஏனுங்க, பின்னால ஆளே வேண்டாம்ங்கறாங்களே. நின்னுட்டிருக்கறவங்கதான் அது கண்ணுக்குத் தெரியும். குந்தியிருந்தாத் தெரியாதுங்களே. நீங்க சொல்லீட்டீங்களா?”

“சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம்.

தை மாதத்தில் ஒரு முற்பகல். மஞ்சு இறங்கி, சில்வர் ஓக் மரங்களின் பாதி உடம்பு தெரியவில்லை. நான் ஆபீஸில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது கீழே ஒன்பதாம் பிளாக்கிலிருந்து கூச்சல் கேட்டது. நடந்ததைப் பிறகு அங்கிருந்த பெண்கள் சொன்னார்கள். எருமை சுற்றிக்கொண்டு அதே வரிசைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு பெண் அதற்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். பக்கத்து வரிசையில் இருந்த எருமைக்காரம்மா பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார். அவள் எழுந்து விலகிவிட்டாள். ஆனால் அதற்குள் இவருடைய கால்கள் எந்திரத்தை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டன. சிவப்புக் குமிழை அமுக்க. பல மாதப் பழக்கம். சரிவில் ஈரச் சருகு வழுக்கியது. வலது பாதம் சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் போனது.

ஜீப்பில் நானும் போனேன். துண்டு சுற்றிய கால் என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அந்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். அழவில்லை. அடிவாரம் வந்து சாலை நேரானதும், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

“நான் அதுகிட்ட ஓடுனது தப்புங்களா, ரைட்டரம்மா?”

இல்லை என்று மட்டும் தலையை ஆட்டினேன். சேலத்தில் அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அன்று ஆபீஸுக்குத் திரும்பிப் பதிவேட்டை எடுத்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கை பழகிய வழியில் போனது. ‘ஒன்பதாம் பிளாக். ஆள் இருந்ததால் நின்றது. தொழிலாளிக்குக் காலில் காயம்.’

பத்து நாள் கழித்து விசாரணைக் குறிப்பு ஒன்றை மேனேஜர் என் மேசையில் வைத்தார். எந்திரத்தின் அருகில் போகக் கூடாது என்ற விதியை மீறித் தொழிலாளி அதை நோக்கி ஓடியிருக்கிறார். எந்திரம் ஆட்களைக் கண்டால் தானாக நிற்கும் என்பதற்குப் பதிவேடே சான்று. விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். திங்கட்கிழமை தணிக்கைக்காரர் வருவார், அவர் முன்னால் பதிவேடு எழுதியவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அன்று மத்தியானமே எருமை மறுபடி தோட்டத்துக்குள் இறங்கும். பின்னால் ஆள் இல்லாமல். பழம் பொறுக்க இன்னும் நான்கு பிளாக் மீதி இருந்தது.

“வெறும் நடைமுறைதான். யோசிக்க ஒண்ணுமில்ல” என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை. அவர் முன்னால் இருந்தது காகிதம், காகிதம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக்கியது நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரடியூருக்குப் போனேன். ஆபீஸ் பதிவேட்டை வெளியே எடுத்துப்போவது தப்பு. அந்தத் தப்பைத் தெரிந்தே செய்தேன். அந்தம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ‘சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் இருந்ததையும்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் குருட்டுத்தனமா ஓடுனேன்னு எழுதியிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க.”

காலைக் கொஞ்சம் நகர்த்தி எனக்குக் கட்டிலில் இடம் விட்டார். பிறகு, “படி கண்ணு” என்றார். அதுவரை என்னை ரைட்டரம்மா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. கண்ணு என்ற அந்தச் சொல்லுக்கு நான் லாயக்கில்லை என்று தோன்றி, முகத்தைப் பதிவேட்டுக்குள் புதைத்துக்கொண்டேன்.

முதல் வரியிலிருந்து படித்தேன். தேதி சொன்னால் அவருக்குப் பிடிபடவில்லை. எந்த பிளாக், அன்று மழையா வெயிலா, யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று சொன்னால் உடனே நினைவு வந்துவிட்டது. “அது பலாமரத்துக்கிட்ட. ஆம்பளைங்க கவாத்துப் பண்ணிட்டு நின்னுட்டிருந்தாங்க. அது தானா நின்னுச்சு.” “இது குந்தியிருந்தவங்க. நான் அமுத்துனது.” “இதும் நான்.” “இது தெரியல கண்ணு, பொய் சொல்லக் கூடாது.” பதிவேட்டில் கை வைக்காமல், தனித் தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நின்றவர்களுக்கு எந்திரம் தானாக நின்றிருக்கிறது. குந்தியிருந்தவர்களுக்கு, அவருக்கு நினைவிருந்த ஒவ்வொரு தடவையும், அவர்தான் நிறுத்தியிருக்கிறார்.

கடைசி வரியைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார். “அன்னைக்கு என்ன எழுதியிருக்க?” படித்துக் காட்டினேன். அவர் ஒன்று சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தணிக்கைக்காரர் எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேனேஜர் குறிப்பை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைத் திறக்கவில்லை. தனித் தாள்களை எடுத்து வைத்தேன். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். மேனேஜர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

தணிக்கைக்காரர் நிதானமாகக் கேட்டார். “அப்போ பதிவேட்டில் இருக்கிறது பொய்ங்களா?”

“பொய் இல்லைங்க. நின்னுச்சு, அதனால நின்றதுன்னு எழுதினேன்.” எனக்குள் கர்வம் இன்னும் சாகவில்லை. வாதாடினேன். “நாகலூர் பஸ் வந்து நின்றதுன்னு சொல்றோம். அப்படின்னா டிரைவர் நிறுத்தினாருன்னுதானேங்க அர்த்தம்? பஸ்ஸே நின்னுக்கிச்சுன்னு யாராவது நினைப்பாங்களா?”

“டிரைவர் இருக்கிற வண்டிக்கு அப்படிச் சொல்லலாமுங்க” என்றார் அவர்.

அவர் குரலில் குத்தல் இல்லாததுதான் நன்றாகக் குத்தியது. அவரே, “நானும் ஒரு தடவை அந்தம்மாகிட்ட நேரா கேட்டிருக்கணும். தாளைத்தான் பார்த்தேன்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பெட்டியின் பதிவையும் என் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் குறி போட ஆரம்பித்தார். அந்தம்மா நிறுத்தியது என்றால் ஒரு குறி, தானாக நின்றது என்றால் வேறு குறி, தெரியாது என்றால் வெற்றிடம். ஜன்னலோரம் நின்றிருந்த மேனேஜரும் திரும்பி வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பென்சில் கடைசிப் பக்கத்துக்கு வந்தது.

“இந்தத் தை மாசத்து வரி. இதையும் அந்தம்மாதான் நிறுத்தினாங்களா?”

“இல்லைங்க” என்றேன். “கை எட்டலையாம். குந்தியிருந்தவங்க வரிசையில அது தானா நின்னது அன்னைக்கு ஒருக்காத்தான்னு சொன்னாங்க. அதுவும் அவங்க கால் சக்கரத்துல மாட்டினதால.”

அவர் பென்சிலைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

“இத்தனை பக்கத்துல, குந்தியிருந்தவங்க வரிசையில ‘ஆள் இருந்ததால் நின்றது’ன்னு நான் சரியா எழுதினது அந்த ஒரு வரிதாங்க” என்றேன்.